திருச்சிக்குக் கோலாலம்பூர் வழியாக அம்மாவோடு: ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

ஈசூன்காரன் | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் திருச்சி போகிறோம். நான், மனைவி, தொடக்கப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், அம்மா. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலி இருக்கிறது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். நானும் பிள்ளைகளும் சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு, மனைவி நிரந்தரவாசி, அம்மா நீண்டகால வருகை அனுமதியில் இருக்கிறார். மனைவிக்கும் அம்மாவுக்கும் இந்தியக் கடவுச்சீட்டு.

நேரடி விமானம் ஐந்து பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. கோலாலம்பூர் வழியாகப் போனால் குறைகிறது. அதில் இரண்டு வழி. ஒன்று, ஒரே நிறுவனம், ஒரே பதிவு, இடையில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இன்னொன்று, இங்கிருந்து கோலாலம்பூருக்கு ஒரு நிறுவனம், அங்கிருந்து திருச்சிக்கு வேறொரு நிறுவனம், தனித்தனி டிக்கெட், இடைவெளி இரண்டரை மணி நேரம். இதுதான் இருப்பதிலேயே மலிவு.

என் பெரிய கவலை இருக்கைதான். மலிவு விமானத்தில் எகானமி இருக்கையில் அம்மாவின் முழங்கால் என்ன பாடுபடும்? கூடுதல் காசு கொடுத்து கால் நீட்டும் இருக்கை எடுக்கலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்காங் அம்மா | திங்கள், இரவு 9.40

எழுபது வயது, முழங்கால் வலி, இன்சுலின் என்று எழுதிவிட்டு இன்னும் என்ன யோசனை தம்பி? நேரடியாகவே போங்கள். நாலு மணி நேரத்தில் திருச்சி. மற்றதில் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

ரேம்ப் தம்பி | திங்கள், இரவு 11.55

அண்ணே, நான் சாங்கி விமான நிலையத்தில் ரேம்ப்பில் வேலை செய்கிறேன், பை ஏற்றி இறக்குகிற பக்கம். ஷிப்ட் முடிந்து இப்போதுதான் பார்த்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இருக்கையைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிற அளவுக்கு அந்த இடைவெளியைப் பற்றிக் கவலைப்படவில்லை என்று தோன்றுகிறது.

சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே 300 கிலோமீட்டர் சொச்சம். அட்டவணையில் ஒரு மணி நேரம், சிலதில் அதற்குச் சற்று மேல் போட்டிருக்கும். வானத்தில் இருப்பது முக்கால் மணி அளவுதான். ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்துக்குக் கால் நீட்டும் இருக்கைக்குக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. திருச்சி வரை போகிற இரண்டாவது விமானத்தில் வேண்டுமானால் எடுங்கள். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். அவசரக் கதவு வரிசையில் அம்மாவை உட்கார வைக்க மாட்டார்கள். அங்கே இருப்பவர் தேவைப்பட்டால் கதவைத் திறந்து உதவக்கூடியவராக இருக்க வேண்டும்.

முதல் விமானத்தில் இருக்கைக்குக் காசு கொடுப்பதென்றால் முன் வரிசைக்குக் கொடுங்கள், அம்மாவுக்கு நடைபாதை ஓரம். ஏ320 விமானத்தில் பக்கத்துக்கு மூன்று இருக்கை, நடுவில் ஒரே நடைபாதை, மலிவு நிறுவனங்களில் மொத்தம் 180 பேர் வரை. 28வது வரிசையில் உட்கார்ந்தால் முன்னால் இருக்கிற அத்தனை பேரும் மேலே இருந்து பையை எடுத்து இறங்கி முடிக்கும்வரை நிற்க வேண்டும். இணைப்பு விமானம் பிடிக்கிறவர்களுக்கு அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் பெரிய விஷயம்.

இப்போது பைக்கு வருகிறேன். ஒரே பதிவில் போனால் சாங்கியில் போடுகிற பை திருச்சியில்தான் உங்கள் கைக்கு வரும். கவுண்டரில் டேக்கை ஒட்டும்போதே பாருங்கள். கடைசி ஊராகத் திருச்சியின் குறியீடு டிஆர்இசட் இருக்க வேண்டும், வழியில் கோலாலம்பூரின் கேயூஎல். கேயூஎல் மட்டும் இருந்தால் உடனே கேளுங்கள், அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். இரண்டு டிக்கெட்டில் போனால் பை கோலாலம்பூரோடு நின்றுவிடும். நீங்கள் மலேசியக் குடிநுழைவைக் கடந்து, பெல்ட்டில் பையை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்து, மறுபடியும் வரிசையில் நின்று போட வேண்டும்.

இரண்டரை மணி நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். செக்-இன் கவுண்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். அப்போது உங்கள் கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம்தான். அதற்குள் இறங்கி, நடந்து, குடிநுழைவு வரிசையில் நின்று, பைக்குக் காத்திருந்து வர வேண்டும். நீங்கள் சொன்ன நிறுவனங்கள் இரண்டும் வேறு வேறு என்றால் ஒன்று முனையம் 1, மற்றது முனையம் 2 ஆக இருக்கலாம். இரண்டும் தனித்தனிக் கட்டடம். நடுவில் ரயில் இருக்கிறது. போவது சில நிமிடம்தான், கட்டணமும் 2 ரிங்கிட்தான். ஆனால் நடைமேடைக்குப் போய் வண்டிக்குக் காத்திருந்து, அந்தப் பக்கம் ஏறிப் போகிற நேரத்தையும் சேருங்கள். ஐந்து பேர், அதில் ஒருவருக்கு முழங்கால் வலி, கல்யாணத்துக்குப் போகிற பெட்டிகள் வேறு.

இது எல்லாம் முதல் விமானம் சரியான நேரத்துக்குப் போனால். போகாவிட்டால்? இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. அவ்வளவுதான். முதல் நிறுவனமோ கோலாலம்பூரில் இறக்கிவிட்டதோடு தன் வேலை முடிந்தது என்று சொல்லும். இரண்டு பேரும் விதிப்படி சரியாகத்தான் நடந்திருப்பார்கள். நடுவில் நிற்பது நீங்கள்.

கிள்ளான் மாப்பிள்ளை | செவ்வாய், காலை 7.05

மேலே சொன்னதில் தப்பில்லை, ஆனால் இரண்டு டிக்கெட் என்றாலே ஆகாது என்று ஒதுக்க வேண்டியதில்லை. மாமியார் வீடு கிள்ளானில். நாங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்படித்தான். முதல் நாள் பேருந்திலோ விமானத்திலோ கோலாலம்பூர் போய், இரவு தங்கிவிட்டு மறுநாள் திருச்சி விமானம். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம் ஆனாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளைகளும் பாட்டியைப் பார்த்த மாதிரி ஆயிற்று.

காசும் நிஜமாகவே மிச்சம். விடுமுறை நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து நேரடி டிக்கெட் ஏறுகிற மாதிரி கோலாலம்பூரிலிருந்து ஏறுவதில்லை, நான் பார்த்த வரையில்.

ஈசூன்காரன் அண்ணன், தன் மனைவியும் அம்மாவும் இந்தியக் கடவுச்சீட்டு என்கிறார். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா தேவையில்லை. அந்தச் சலுகையை 2026 இறுதி வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் குடிநுழைவைக் கடந்து வெளியே வருகிறவர்கள் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை, போய்ச் சேருவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூரர்களுக்கு அது வேண்டாம். உள்ளேயே இருந்து விமானம் மாறுகிறவர்களுக்கும் வேண்டாம்.

ரேம்ப் தம்பி | செவ்வாய், காலை 8.20

இரவு தங்குவதென்றால் நானும் சரி என்றுதான் சொல்வேன். ஒரு ராத்திரி இடைவெளி எந்தத் தாமதத்தையும் விழுங்கிவிடும். என் பயமெல்லாம் இரண்டரை மணி நேரத்தை நம்பிப் போகிறவர்களைப் பற்றித்தான்.

தாமதம் எப்படி வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சின்ன விமானங்கள் காலையில் கிளம்பினால் இரவு வரை நிற்காது. கோலாலம்பூர் போய் வரும், பினாங்கு போய் வரும், அப்புறம் வேறெங்காவது. ஒரு ஊரில் பதினைந்து நிமிடம் தள்ளினால் அது அடுத்த ஊருக்கும் போகும். சாயங்காலத்துக்குள் அது ஒரு மணி நேரமாகிவிடும். அதனால் இணைப்பு இருக்கிறவர்கள் அன்றைய முதல் விமானத்தை எடுப்பது நல்லது. இரவே வந்து நிற்கிற விமானம் அது. அதற்கு முன்னால் எந்த ஊரின் தாமதமும் இல்லை.

டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். பிற்பகலில்தான் இடி மின்னல் அதிகம். மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் நாங்கள் திறந்த வெளியில் நிற்கக் கூடாது. பை ஏற்றுவதும் இறக்குவதும் அப்படியே நிற்கும். பயணிகள் உள்ளே உட்கார்ந்துகொண்டு, வெளியே மழைகூட நின்றுவிட்டதே, ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்பார்கள். மழை நின்றாலும் மின்னல் அபாயம் போகும்வரை எங்களை விட மாட்டார்கள். அந்த உலோகப் படிக்கட்டுக்கும் இறக்கைக்கும் நடுவில் நிற்கிறவன் நான், அந்த விதி இருக்கிறதே என்று நன்றியோடுதான் நினைக்கிறேன்.

தேக்கா தம்பி | செவ்வாய், மதியம் 12.48

எங்களைப் போன்ற வொர்க் பெர்மிட் ஆட்களுக்கு விலைதான் முதலில். ஆனால் விலையை முழுசாகப் பார்க்க வேண்டும். இணையத்தில் முதலில் காட்டுகிற விலையில் பை கிடையாது. ஊருக்குப் போகிறவன் யார் சும்மா போகிறான்? முஸ்தபா கடையில் வாங்கியது, அக்கா பிள்ளைகளுக்கு வாங்கியது, எல்லாம் சேர்ந்தால் 30 கிலோ சாதாரணம். இரண்டு டிக்கெட் என்றால் பைக்கு இரண்டு தடவை காசு. கையில் கொண்டுபோவதிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம். ஸ்கூட்டில் 10 கிலோ, ஏர்ஏஷியாவில் 7 கிலோ. ஒன்றில் சரி என்று விட்ட பையை மற்றொன்றில் கேட்டிலேயே நிறுத்திக் காசு கேட்பார்கள். எல்லாம் கூட்டிப் பார்த்தால் நேரடி விமானத்துக்கும் இதற்கும் நூறு வெள்ளிகூட வித்தியாசம் வராத நாள்கள் உண்டு.

எங்கள் விடுதியில் ஒருவர் இப்படி இரண்டு டிக்கெட்டில் போனார். முதல் விமானம் தாமதம். அடுத்ததற்குக் கவுண்டர் மூடிவிட்டது. அன்றைய விலைக்குப் புது டிக்கெட் எடுத்தார். அப்பாவுக்கு அறுவை சிகிச்சை என்று பத்து நாள் விடுப்பு வாங்கிப் போனவர். ஒரு நாள் விமான நிலையத்திலேயே போயிற்று. காசு போனதைவிட அந்த ஒரு நாளைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

ஈசூன்காரன் | செவ்வாய், இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி. ரேம்ப் தம்பி, நீங்கள் போட்ட ஒன்றரை மணி நேரக் கணக்கை மனைவியிடம் படித்துக் காட்டினேன். இரண்டரை மணி நேர டிக்கெட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

இப்போது ஒரே பதிவில் கோலாலம்பூர் வழி, இல்லையென்றால் நேரடி. இன்னும் ஒன்று கேட்கிறேன். இங்கிருந்து சென்னைக்கு விமானங்கள் நிறைய இருக்கின்றனவே. சென்னை போய் அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் திருச்சி போவது எப்படி? கொழும்பு வழியாகப் போனவர்கள் இருக்கிறீர்களா?

காவேரி அக்கா | செவ்வாய், இரவு 10.15

தம்பி, சென்னை வழி அம்மாவுக்கு வேண்டாம். இந்தியாவில் முதலில் இறங்குகிற ஊரில்தான் குடிநுழைவும் சுங்கமும். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் சென்னையில் பையை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, உள்நாட்டு முனையத்துக்குப் போய்த்தான் மறுபடி போட வேண்டும். நடு இரவில் இறங்கினால் விடியும்வரை காத்திருப்பு.

எடையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பன்னாட்டு விமானத்தில் 30 கிலோ வாங்கி வந்திருப்பீர்கள், உள்நாட்டு டிக்கெட்டில் வழக்கமாக 15 கிலோதான். தனியாக எடுத்த டிக்கெட் என்றால் மீதிக்குக் கிலோ கணக்கில் காசு. ஒரே பதிவில் இருந்தால் பன்னாட்டு எடையே கடைசி வரை செல்லும். சென்னை–திருச்சிக்கு ஏடிஆர் விமானமும் ஓடுகிறது, இறக்கையில் விசிறி சுற்றுமே, அது. மேல்தட்டு சின்னது. நம் கைப்பெட்டி அதில் உட்காராது, வாங்கிக் கீழே போடுவார்கள்.

கொழும்பு வழி நான் விரும்பிப் போவது. சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு நாலு மணி நேரம் அளவு, அங்கிருந்து திருச்சிக்கு ஒரு மணி நேரம். சாப்பாடு டிக்கெட்டிலேயே வந்துவிடும், பையும் கடைசி வரை போகும். விமான நிலையம் சின்னது என்பதால் முதியவர்களுக்கு நடை குறைவு. மொத்த நேரம் நீளும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில நாள்களில் கொழும்பில் ஆறேழு மணி நேரம் உட்கார வேண்டி வரும்.

திருச்சி இப்போது பழைய திருச்சி இல்லை. 2024 ஜனவரியில் திறந்துவைத்த புது முனையம் அந்த ஆண்டு ஜூனில் செயல்பாட்டுக்கு வந்தது. பழைய கட்டடத்தில் குடிநுழைவு வரிசை விமானக் கதவு வரை வந்து நிற்கும் போலிருக்கும். புதியதில் கோபுரமும் கோலமும் ஓவியமுமாக, ஊருக்கு வந்துவிட்டோம் என்று இறங்கும்போதே மனசுக்குத் தெரிகிறது. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

நீங்களும் பிள்ளைகளும் சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு என்றால் இந்திய மின்விசாவை மறக்காதீர்கள், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை இருந்தால் தேவையில்லை. திருச்சியில் மின்விசாவை ஏற்கிறார்கள்.

பிடோக் தாதி | புதன், காலை 6.50

இரவு வேலை முடிந்து பேருந்தில் இருந்து எழுதுகிறேன். மூட்டு வலிக்கு ஒரு மணி நேர விமானம் பெரிய தொல்லை இல்லை, ரேம்ப் தம்பி சொன்னது சரிதான். நாலு மணி நேர விமானத்தில் மட்டும் மணிக்கு ஒரு முறை எழுந்து நாலு அடி நடக்கட்டும், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும். அதற்குத்தான் நடைபாதை ஓரம்.

இன்சுலினை எக்காரணம் கொண்டும் பெரிய பெட்டியில் போடாதீர்கள். கீழே சரக்குப் பகுதியில் உறைந்துபோகும் ஆபத்து இருக்கிறது, உறைந்த இன்சுலின் வேலை செய்யாது. பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் மருந்தும் போயிற்று. கையில் வைத்திருங்கள், கூடவே மருத்துவர் கடிதம். பயணத்துக்குத் தேவையான மருந்துக்கு 100 மில்லி வரம்பு கிடையாது, சோதனையில் எடுத்துக் காட்டினால் போதும். இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நாளுக்கு ஒரு முறை போடுகிற ஊசி என்றால் எந்த மணிக்குப் போடுவது என்று போகுமுன் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நாமாக முடிவு செய்யக் கூடாது.

சாப்பாடு. சில மலிவு விமானங்களில் வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் முன்கூட்டியே விமானத்தில் உணவைப் பதிந்துவிடுங்கள், கையில் பிஸ்கட்டும் குளுக்கோஸ் மிட்டாயும் கட்டாயம் இருக்கட்டும். இணைப்பு நேரம் என்பது சர்க்கரைக்காரருக்குச் சாப்பாட்டு நேரம். கேட் தேடும் அவசரத்தில் பசியாறாமல் ஊசி மட்டும் போட்டுவிட்டு மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று மணி நேர இடைவெளி என்றால் முதலில் அவரைச் சாப்பிட வைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

சாங்கியில் முனையம் 1, 2, 3 மூன்றிலும் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான் நடக்கும். முனையம் 4இல் மட்டும்தான் எல்லாருக்கும் ஒரே இடத்தில். கேட் அறைக்குள் போய்விட்டால் பலவற்றில் கழிவறை கிடையாது. வெளியே வந்தால் மறுபடி சோதனை. அதனால் உள்ளே நுழையும் முன் அம்மாவைக் கழிவறைக்கு அழைத்துப் போங்கள். கோலாலம்பூர் விமானத்தில் இருக்கைவார் விளக்கு அணைந்திருக்கும் நேரமே கொஞ்சம்தான், அங்கே போய்க்கொள்ளலாம் என்று விட்டால் சிரமப்படுவார்.

பிள்ளைகளுக்குக் காது. விமானம் இறங்கும்போது வெளியே இருக்கிற அழுத்தம் கூடிக்கொண்டே வரும், காதுக்கும் தொண்டைக்கும் இடையே உள்ள குழாய் திறக்காவிட்டால் செவிப்பறை உள்ளே இழுபடும், அதுதான் வலி. விழுங்கினால் குழாய் திறக்கும். மிட்டாய் சப்பட்டும், தண்ணீர் குடிக்கட்டும், தூங்கினால் இறக்கம் தொடங்கும்போது எழுப்புங்கள். இணைப்பு வழியில் ஏற்ற இறக்கம் இரண்டு தடவை என்பதால் சளி பிடித்த பிள்ளைக்கு வலியும் இரண்டு தடவை. நேரடி விமானத்துக்கு ஆதரவாக இதையும் கணக்கில் வையுங்கள்.

செங்காங் அம்மா | புதன், காலை 7.30

தாதி சொன்னதை அப்படியே படமெடுத்து வைத்துக்கொண்டேன். என் மாமியாருக்கும் இது தேவை.

உட்லண்ட்ஸ் பையன் | புதன், காலை 10.02

பவர் பேங்க் பற்றி யாரும் சொல்லவில்லை. கீழே போகிற பெட்டியில் போடவே கூடாது, எல்லா நிறுவனத்திலும் அப்படித்தான். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் ஒரு விமானம் தரையில் நிற்கும்போதே தீப்பற்றியது, அதற்குப் பிறகு எல்லாரும் இறுக்கிவிட்டார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் இரண்டிலும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் அதை வைத்து சார்ஜ் செய்யக் கூடாது. 100 வாட் மணி வரை அனுமதி கேட்காமல் கையில் கொண்டுபோகலாம். நாம் வைத்திருக்கிற 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட் மணிதான், பயமில்லை. போர்டிங் பாஸ் கைப்பேசியில்தான் இருக்கப்போகிறது என்றால் இரண்டு விமானத்துக்கும் சேர்த்து சாங்கியிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். தாளிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

காத்தோங் வாசகர் | புதன், மாலை 6.18

ஒரே பதிவு ஏன் முக்கியம் என்பதற்குச் சட்டப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். ஐரோப்பாவில் இருப்பதுபோல் இத்தனை மணி தாமதத்துக்கு இவ்வளவு இழப்பீடு என்ற சட்டம் சிங்கப்பூரில் இல்லை. மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பயணிகள் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவு தர வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் போய் இரவு தங்க நேர்ந்தால் அறை தர வேண்டும். 2024 செப்டம்பர் முதல், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் பயணமே வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் இதெல்லாம் தாமதமான அந்த விமானத்துக்கு. நீங்கள் தனியாக எடுத்த அடுத்த டிக்கெட்டை அவர்கள் காப்பாற்ற வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

பை தவறினால் 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் துணை. சிங்கப்பூர், மலேசியா, இந்தியா மூன்றும் அதில் இருக்கின்றன. பை உடைந்து வந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாகக் கைக்கு வந்தால், வந்ததிலிருந்து 21 நாளுக்குள். விமான நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே கவுண்டரில் அறிக்கை எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்து தொலைபேசியில் சொல்வது போதாது. கல்யாணத்துக்குப் போகிறீர்கள், நகையும் பட்டும் பெரிய பெட்டியில் வேண்டாம். இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இருக்கிறது, ஒரு நல்ல பட்டுப்புடவையும் ஒரு சங்கிலியும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும்.

பயணக் காப்புறுதி எடுப்பீர்கள். தவறிய இணைப்புக்குப் பணம் கிடைக்க எத்தனை மணி நேரத் தாமதம் வேண்டும், தனித்தனி டிக்கெட்டுக்கும் பொருந்துமா என்ற இரண்டு வரியை மட்டுமாவது படித்துவிட்டு எடுங்கள்.

ரேம்ப் தம்பி | புதன், இரவு 11.30

பை பற்றி இன்னும் ஒன்று. சிட்டா என்ற நிறுவனம் ஆண்டுதோறும் உலகம் முழுக்கத் தவறிய பைகளைக் கணக்கெடுக்கிறது. 2023ஆம் ஆண்டுக் கணக்கில் தாமதமான பைகளில் 46 விழுக்காடு விமானம் மாறும் இடத்தில் தவறியவை. ஆகவே ஒரே பதிவாக இருந்தாலும் இடைவெளி ரொம்பக் குறுகியதாக இருந்தால் நீங்கள் ஏறிவிடுவீர்கள், பை ஏறாது. நீங்கள் கேட்டை நோக்கி நடக்கும் அதே நேரத்தில் பையை ஒருவர் இறக்கி, பிரித்து, சோதனைக்கு அனுப்பி, அடுத்த விமானத்தின் வண்டியில் சேர்க்க வேண்டும். அந்த ஒருவர் என்னைப் போன்ற ஆள்தான். நேரம் கொடுத்தால் நிச்சயம் சேர்ப்போம்.

அண்ணன் சொன்ன மூன்று மணி நேரம் நல்ல இடைவெளி. கிடைக்கிறதே என்று ஒன்றேகால் மணி நேர இணைப்புக்கு மாறிவிடாதீர்கள். பழைய டேக்குகளையும் பெட்டியிலிருந்து கிழித்துவிடுங்கள். போன பயணத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் இயந்திரம் குழம்பும், பை கையால் பிரிக்கிற இடத்துக்குப் போய்விடும்.

ஈசூன்காரன் | வியாழன், இரவு 9.05

முடிவு செய்துவிட்டோம். போகும்போது நானும் மகனும் கோலாலம்பூர் வழி, ஒரே பதிவு, காலை முதல் விமானம், மூன்று மணி நேர இடைவெளி. பெரிய பெட்டிகள் எங்களோடு. அம்மா, மனைவி, மகள் மூவரும் நேரடி விமானம். ஐந்து பேருக்கும் நேரடி எடுப்பதைவிடக் குறைகிறது, அம்மாவுக்கும் அலைச்சல் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே போய்விடுகிறோம், பெட்டி ஒரு நாள் பிந்தினாலும் சமாளிக்கலாம். திரும்பும்போது டிக்கெட் விலை இறங்கியிருக்கிறது, எல்லாரும் நேரடி.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி எப்படிக் கேட்பது? விமான நிலையத்தில் போய்க் கேட்டால் கிடைக்குமா?

பிடோக் தாதி | வியாழன், இரவு 9.48

அங்கே போய்க் கேட்கலாம் என்று விடாதீர்கள். பதிவு செய்த உடனே நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள், பல நிறுவனங்கள் குறைந்தது 48 மணி நேரம் முன்பு கேட்கச் சொல்கின்றன. படி ஏற முடியுமா, விமானத்துக்குள் இருக்கை வரை நடக்க முடியுமா என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். நடப்பார் என்று சொல்லிவிட்டால் விமானக் கதவோடு இணைகிற ஏரோபிரிட்ஜ் பாலம் இல்லாத நாளில் படிக்கட்டில் ஏறச் சொல்வார்கள். திரும்பி வரும் பயணத்துக்கும் தனியாகக் கேட்க வேண்டும், அது தானாகப் பதிவாகாது.

காவேரி அக்கா | வியாழன், இரவு 10.20

திரும்பி வரும்போது சிங்கப்பூரின் எஸ்ஜி வருகை அட்டையும் இருக்கிறது. விமானத்தில் வருகிற எல்லாரும் நிரப்ப வேண்டும், குடிமக்களும் நிரந்தரவாசிகளும்கூட. வந்து சேருவதற்கு முந்திய மூன்று நாளுக்குள், இலவசம்தான். காசு கேட்கிற தளம் எதிலும் போய் நிரப்பாதீர்கள். அம்மாவுடையதை மனைவி கைப்பேசியிலேயே சேர்த்து நிரப்பிவிடலாம்.